நான் கொட்டிய தண்ணீர்

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு புரட்டாசி மாதம். சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு பேரூராட்சியில் டெங்கு ஒழிப்புப் பணியாளராகச் சேர்ந்திருந்தேன். தற்காலிக வேலைதான். ஆனால் கழுத்தில் அடையாள அட்டை, கையில் டார்ச், தோளில் மருந்துப் பை என்று கிளம்பிவிட்டால், ஊரையே நான்தான் காப்பாற்றுகிறேன் என்கிற நினைப்பு வந்துவிடும். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, இல்லையென்றால் மீதிக் கதை உங்களுக்குப் புரியாது.

நான் பிறந்தது மல்லாங்கிணறு பக்கம். மானாவாரி பூமி என்றாலும் எங்கள் தோட்டத்தில் வற்றாத கிணறு ஒன்று இருந்தது. கட்டிக்கொடுத்த வீட்டிலோ போர் இருக்கிறது, மோட்டார் இருக்கிறது, மொட்டை மாடியில் தொட்டி இருக்கிறது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். வராமல் போனால் கரண்ட் இல்லை என்று அர்த்தம். கல்லூரியில் படித்தது விலங்கியல். கொசு முட்டையிடுவது முதல் சிறகு முளைத்துப் பறப்பது வரை படம் வரைந்து பாகம் குறித்து மார்க் வாங்கியவள். அதனால் வேலையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று நானே முடிவு செய்திருந்தேன்.

வேலை இதுதான். வீடு வீடாகப் போய் ட்ரம், தொட்டி, குடம், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, மழையில் நனைகிற டயர் எல்லாவற்றிலும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். தண்ணீரில் எதுவும் நெளிந்தால் அது கொசுப்புழு. கொட்டிவிட்டு, ட்ரம்மின் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவச் சொல்லி, கதவுக்குப் பின்னால் தொங்கும் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திட்டு வர வேண்டும். எத்தனை பாத்திரத்தில் புழு இருந்தது என்று நோட்டில் எழுத வேண்டும்.

எனக்கு ஒதுக்கியதில் ஊரின் கடைசித் தெருவும் ஒன்று. முப்பது வீடு இருக்கும். அங்கே பெண்கள் எல்லோரும் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர்கள். காலை ஏழு மணிக்குக் கம்பெனி வண்டி தெருமுனையில் வந்து ஹாரன் அடிக்கும். ஏறினால் பொழுது சாயத்தான் திரும்புவார்கள். குழாயில் தண்ணீர் பத்து நாளைக்கு ஒரு தடவை, சில சமயம் பன்னிரண்டு நாளைக்கு ஒரு தடவை. தண்ணீர் வருகிற அன்று வீட்டுக்கு ஒரு ஆள் வேலைக்குப் போகாமல் இருந்து பிடித்து வைக்க வேண்டும். அந்த ஒரு ஆள் எப்போதும் பெண்தான். தீபாவளிக்கு ஒரு மாதம் இருந்த நேரம் அது. சீசனில் லீவு கேட்டால் போர்மேன் முகம் எப்படிப் போகும் என்று அந்தப் பெண்களைக் கேட்டால் தெரியும். நான் கேட்டதில்லை.

வண்டி வருவதற்கு முன்னால் போனால்தான் வீடு திறந்திருக்கும் என்பதால் ஆறரை மணிக்கே அந்தத் தெருவுக்குப் போய்விடுவேன். அப்படி ஒரு நாள் போனபோதுதான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். இருபத்தைந்து வயது இருக்கும். ஒற்றை அறை வீடு, அவளும் லோடு ஏற்றுகிற வேலைக்குப் போகும் கணவனும் மட்டும். ஐந்து மாத வயிறு லேசாகத் தெரிந்தது. கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து உண்டாகியிருக்கிறது என்று அவளே வெட்கத்தோடு சொன்னாள். கம்பெனியில் கிப்ட் பாக்ஸ் அடுக்குகிற வேலை; வண்டிக்கு நேரமாகிவிட்டதென்று தூக்குவாளியை மூடிக்கொண்டிருந்தாள்.

வாசலில் நின்ற ட்ரம்மில் டார்ச் அடித்தேன். பாதி ட்ரம் தண்ணீர். புழு நெளிந்தது.

அவள் பதறிப்போய் ஓடிவந்தாள். "யக்கா, கொட்டிராதீகக்கா. நாலு நாளைக்கு முன்ன லீவு போட்டுப் பிடிச்சு வச்சது. அடுத்து தண்ணி வர ஒரு வாரம் ஆகும். துணிய வச்சு வடிகட்டிக்கிறேன். மருந்து வேணா ஊத்திக்கோங்க."

"வடிகட்டுனா முட்டை போயிருமா? ட்ரம்முல ஒட்டிக்கிட்டே இருக்கும். வயித்துப் பிள்ளைக்காரி நீ, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று சொல்லிக்கொண்டே ட்ரம்மைச் சாய்த்தேன்.

புழுவைக் கொல்கிற மருந்து என் பையில் இருந்தது. துணியில் வடிகட்டி, ட்ரம்மைத் தேய்த்து, மறுபடி ஊற்றி, அளவாக மருந்து விட்டிருக்கலாம். எனக்கு இன்னும் இருபது வீடு பாக்கி இருந்தது; கொட்டுவது சுலபமாக இருந்தது. தண்ணீர் படியைத் தாண்டி வாறுகால் சாக்கடையில் இறங்கி ஓடியது. எதிர்வீட்டு அம்மா விளக்குமாற்றைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மட்டுமல்ல, வண்டிக்கு நின்ற பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள். அந்தப் பெண் காலி ட்ரம்மை நிமிர்த்தி வைத்தாள். நான் சும்மா போயிருக்கலாம். போகவில்லை. "வீட்டைச் சுத்தமா வச்சிருந்தா புழு ஏன் வரப்போகுது?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் சொன்னேன்.

ஹாரன் சத்தம் கேட்டு அவள் ஓடினாள். அந்த ஒரு வாரம் அவள் என்ன செய்தாள், யார் வீட்டில் குடம் ஏந்தி நின்றாள் என்று எனக்குத் தெரியாது. அதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த முறை அந்தத் தெருவுக்குப் போனபோது வாசலில் ட்ரம்களே இல்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒரு கண்டிப்பு காட்டியதற்கே தெரு திருந்திவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே பார்க்கலாம் என்று ஒரு வீட்டுப் படியில் கால் வைத்தபோது, அந்த வீட்டுப் பெண் குறுக்கே வந்து நின்றாள்.

"உள்ள வராதீகம்மா, வீட்ல தூரம்" என்றாள். அதாவது மாதவிலக்கு.

நான் வைத்த காலை எடுத்துவிட்டேன். புரட்டாசி சனிக்கிழமை விரதம் எங்கள் வீட்டில் கடுமையாக இருப்போம். மாமியார் வீட்டிலும் பிறந்த வீட்டிலும் அந்த மூன்று நாள் தனித் தட்டு, தனிப் பாய்தான். தீட்டு வீட்டுக்குள் போய்விட்டு வந்து சாயங்காலம் எப்படி விளக்கேற்றுவது? வாசலில் நின்றபடியே அட்டையை எடுத்துக் கொடுக்கச் சொல்லி, கையெழுத்துப் போட்டு, நோட்டில் பூஜ்யம் என்று எழுதினேன். அடுத்த வாரம் நாலைந்து வீட்டில் தூரம் என்றார்கள். அதற்கடுத்த வாரம் ஏழெட்டு வீட்டில். அந்தக் கர்ப்பிணிப் பெண்ணும் கதவை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு, "வீட்ல தூரம்க்கா" என்றுதான் சொன்னாள். நான் தலையாட்டிவிட்டு அவளுக்கும் ஒரு பூஜ்யம் எழுதினேன். வயிறு முன்னைவிடப் பெரிதாகத் தெரிகிறதே என்று விசாரிக்கவும் செய்தேன்.

மாதக் கூட்டத்தில் மேற்பார்வையாளர் என் நோட்டைத் தூக்கிக் காட்டி, "ஒரு தெருவையே புழு இல்லாமப் பண்ணியிருக்காங்க, பார்த்துக்கோங்க" என்றார். கைதட்டினார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அதற்கு இரண்டு நாள் கழித்து, காலை பத்து மணி இருக்கும். அந்தத் தெருவில்தான் இருந்தேன். கம்பெனி வண்டி தெருமுனையில் வந்து நின்றது. அந்த நேரத்தில் வண்டி வராது. வந்தால் கம்பெனியில் ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். தெருவில் இருந்த ஒன்றிரண்டு பேரும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு ஓடினார்கள், நானும் ஓடினேன். வெடிவிபத்து இல்லை. இரண்டு பெண்கள் அந்தக் கர்ப்பிணிப் பெண்ணைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். வேலை செய்துகொண்டே இருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாளாம்.

வாசற்படியில் உட்கார வைத்தார்கள். கையைத் தொட்டேன். சில்லென்று, வேர்த்து நசநசவென்று இருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினாள். வண்டியில் இரண்டு தடவை வாந்தி எடுத்தாளாம். பல் ஈறில் மெலிதாக ஒரு ரத்தக் கோடு தெரிந்தது.

"காய்ச்சலா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

எதிர்வீட்டு அம்மா முந்திக்கொண்டார். "நேத்து லேசா இருந்துச்சு தாயி. இப்ப விட்டுருச்சு. தொட்டுப் பாருங்க, ஒடம்பு ஐசா இருக்கு. கஞ்சியக் குடிச்சுப் படுத்தா சரியாப் போயிரும்."

அவருக்கு அது நல்ல செய்தி. எனக்கு அப்படியில்லை. எங்களுக்குப் பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொன்னது அது ஒன்றுதான்: டெங்குவில் காய்ச்சல் அடிக்கிற நாட்களைவிட, மூன்று நாலு நாள் கழித்துக் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்து. நேற்று வந்த காய்ச்சல் இன்று விட்டது என்றால் படுக்க வைக்கலாம். நாலு நாள் காய்ச்சல் விட்டிருக்கிறது என்றால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. "எத்தனை நாளா காய்ச்சல்?" என்று சுற்றி நின்றவர்களைக் கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நேத்துத்தான்" என்றார் எதிர்வீட்டு அம்மா மறுபடியும், என் முகத்தைப் பார்க்காமல்.

அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து முகத்தை நிமிர்த்தினேன். "நீ சொல்லும்மா. நெசத்தைச் சொல்லு. எத்தனை நாளு?"

கண்ணைப் பாதி திறந்து என்னைப் பார்த்தாள். பேச்சு மெதுவாகத்தான் வந்தது.

"சொன்னா தண்ணியக் கொட்டிருவீகளாக்கா?"

எனக்கு முதலில் புரியவில்லை. பித்துப் பிடித்துப் பேசுகிறாளோ என்றுகூட நினைத்தேன். அவளே சொன்னாள்: "காய்ச்சன்னு தெரிஞ்சா எல்லாரும் வந்து வீட்டுக்குள்ள பாப்பீக. எங்க வீடு மட்டும் இல்லக்கா. தெரு பூராவும் கொட்டிருவீக. என்னால எல்லாத்துக்கும் தண்ணி இல்லாமப் போயிரும்."

உயிர் போகிற நேரத்தில் ஒரு பெண்ணுக்குத் தண்ணீர்க் கவலை. அந்தக் கவலையை உண்டாக்கியவள் நான். "கொட்ட மாட்டேன். எங்க குலசாமி மேல சத்தியமா ஒரு சொட்டுக் கொட்ட மாட்டேன்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"இன்னையோட அஞ்சு நாளு" என்றாள்.

ஐந்து நாளும் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வண்டி ஏறியிருக்கிறாள். நூற்றெட்டுக்குப் போன் அடித்துவிட்டு, அவளுடைய செக்கப் நோட்டை எடுக்க வீட்டுக்குள் போனேன். அந்த வீட்டுக்குள் நான் கால் வைத்தது அன்றுதான். கட்டிலுக்குத் தலைமாட்டில், பழைய சேலையைப் போர்த்தி ட்ரம் நின்றது. கட்டிலுக்கு அடியில் வரிசையாகக் குடங்கள். சேலையை விலக்கி டார்ச் அடித்தேன். கொதிக்கிற அரிசி போலப் புழு. அவள் தினமும் தலை வைத்துப் படுத்த இடத்துக்கும் அதற்கும் ஒரு முழ இடைவெளி இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வீட்டில் இருக்கிற ஒரே பெண் அவள். அவளுக்கு அப்போதே ஐந்து மாதம் தாண்டியிருந்தது. அவள் வீட்டில் எப்படித் தூரம் இருக்க முடியும்? விலங்கியல் படித்த எனக்கு, வயிற்றுப் பிள்ளையோடு எதிரே நின்று ஒருத்தி தூரம் என்று சொன்னபோது சந்தேகம் வரவில்லை. அந்த வார்த்தை காதில் விழுந்ததும் என் படிப்பு வாசலிலேயே நின்றுவிட்டது. ஒரு தெருவே வாராவாரம் தீட்டாகுமா என்று ஒரு சின்னப் பிள்ளை கேட்டிருக்கும். நான் கேட்கவில்லை. அந்த இடத்திலேயே என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. கூட வேலை பார்க்கிற பெண் ஒருத்தி ஏறிக்கொண்டாள். கணவனுக்குப் போன் போட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னோம். ஏறும்போது என் கையை விடாமல் பிடித்திருந்தாள் அந்தப் பெண். "பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டாள். நான் ஆகாது என்றேன். தெரியாத விஷயத்தைத் தெரிந்த மாதிரி சொல்வது எனக்குப் பழக்கம்தானே.

வண்டி போன பிறகு நானும் எதிர்வீட்டு அம்மாவும் எதிரெதிரே நின்றோம். அத்தனை புழுவையும் அப்படியே விட்டுவிட்டுப் போகவும் முடியாது, சத்தியத்தை மீறவும் முடியாது. "வீட்ல பழைய வேட்டி இருக்காம்மா?" என்று கேட்டேன். வேட்டியை நாலாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி, ட்ரம்மிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றினோம். காலி ட்ரம்மைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தோம். வடிகட்டிய தண்ணீரைத் திரும்ப ஊற்றி, மருந்து விட்டு, வாயை வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டினோம். ஒரு ட்ரம்முக்கு அரை மணி நேரம் ஆனது. அரை மணி நேரம்தான். முதல் நாள் அந்தப் பெண் என்னிடம் கேட்டது அந்த அரை மணி நேரத்தைத்தான். அதை நினைத்து, கைவேலையை நிறுத்தாமல் அழுதேன். எதிர்வீட்டு அம்மா அடுத்த வீட்டுச் சாவி தன்னிடம் இருக்கிறது என்று மட்டும் சொல்லி, போய்த் திறந்துவிட்டார். மாலையில் வண்டி வந்து இறங்கிய பெண்களும் ஒவ்வொருத்தராகத் தங்கள் வீட்டுக் கதவைத் திறந்தார்கள்.

அவளை முதலில் கொண்டுபோன ஆஸ்பத்திரியிலிருந்து விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். இரண்டு நாள் யாருக்கும் ஒன்றும் நிச்சயமில்லை. மூன்றாம் நாள் அவள் பிழைத்துக்கொண்டாள். பிள்ளை தங்கவில்லை. இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால் தாயும் போயிருப்பாள் என்று, நான் அங்கே போய் விசாரித்தபோது டாக்டரம்மா சொன்னார். காய்ச்சலால்தான் குழந்தை போனது என்று உறுதியாகச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். "அப்படி அறுதியிட்டுச் சொல்ல முடியாதும்மா" என்றார். என்னைப் பார்த்தால் பாவமாக இருந்திருக்கும்.

அவள் வீடு திரும்பியதும் பார்க்கப் போனேன். வாசலில் நின்று, கூப்பிடலாமா வேண்டாமா என்று தயங்கினேன். அவள் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்துக் கிடந்தது. என்னைப் பார்த்தவள், "இப்ப நெசமாவே தீட்டுத்தான்க்கா. உள்ள வருவீகளா?" என்றாள். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. நெசமாகவே கேட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உள்ளே போய் அவள் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தேன். மன்னிச்சுக்கோ என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே பேசினாள்.

"மொத ஒரு வீட்ல நெசமாவே தூரம்க்கா. நீங்க படியில வச்ச கால எடுத்துட்டுப் போனத அவ பாத்துருக்கா. அன்னைக்குச் சாயங்காலமே தெருவுல எல்லாத்துக்கும் தெரிஞ்சு போச்சு. சிரியாச் சிரிச்சோம்." பிறகு, "கொட்டணும்னா தண்ணி வர்றதுக்கு மொத நாளு வாங்கக்கா. அன்னைக்கு அடியில ரெண்டு சொம்புதான் கெடக்கும். நாங்களே கொட்டித் தேச்சுத் தாரோம். யாரு வேண்டாங்கப் போறா?" என்றாள்.

இவ்வளவுதான் விஷயம். இதை எந்தப் பயிற்சியிலும் யாரும் சொல்லவில்லை. நாங்களும் அந்தப் பெண்களிடம் கேட்கவில்லை. அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, என் நோட்டில் இருந்த பூஜ்யமெல்லாம் பொய் என்று சொன்னேன். மேற்பார்வையாளருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் தண்ணீர் விடுகிற நாளை முன்கூட்டியே எங்களுக்குச் சொல்ல ஏற்பாடு செய்தார். அதற்கு முந்தின நாள் மாலை, வண்டி வந்து இறங்கிய பிறகு அந்தத் தெருவுக்குப் போகத் தொடங்கினேன். யாருக்கும் காய்ச்சல் என்றால் முதல் நாளே என் போனுக்குத் தகவல் வந்துவிடும்.

இன்றும் அந்த வேலையில்தான் இருக்கிறேன், இன்றும் தற்காலிகம்தான். புரட்டாசி விரதமும் இருக்கிறேன். ஆனால் தூரம் என்று சொல்கிற வீட்டுக்குள் போய், அந்தப் பெண்ணுக்கு உடம்பு எப்படி இருக்கிறது, குளிக்க, துவைக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் வருகிறேன். மாமியாருக்குத் தெரியும். ஆரம்பத்தில் முணுமுணுத்தார், இப்போது ஒன்றும் சொல்வதில்லை.

அவளுக்கு அதற்குப் பிறகு குழந்தை உண்டாகவில்லை. அது பிறந்திருந்தால் இந்த ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருப்பார்கள். என்னைக் கண்டு பயப்படுகிற ஒருத்தி என்னிடம் உண்மையைச் சொல்ல மாட்டாள் என்கிற சின்ன விஷயம் என் மண்டையில் ஏற, அவள் நாலு வருஷம் காத்திருந்து சுமந்த பிள்ளை போக வேண்டியிருந்ததே என்று, பைகளோடு பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் மனசு அடித்துக்கொள்கிறது.